பதில் வராததால் வேலைக்கு வந்தவள்

சிங்கப்பூர்த் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பல்களில் பாதி, கொலீன் மின்ஜூட்டுக்குப் பயந்துதான் சொன்ன தேதியில் கிளம்புகின்றன என்று வங்கிகள் நிறைந்த ஷென்டன் வேயில் ஒரு பேச்சு உண்டு. பாதி என்பது கொஞ்சம் அதிகம். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படகில் கால் வைத்தாலே குமட்டும். அவள் ஒரு வங்கியில் ஆவண ஆய்வாளர். சரக்கு விற்பவர் கப்பலில் ஏற்றிவிட்டு, கப்பல் ரசீது, விலைப்பட்டியல், காப்பீடு, எடைச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதத்தை வங்கிக்குக் கொண்டு வருவார். வாங்குபவருக்காக வங்கி எழுதிக் கொடுத்த உறுதிக் கடிதத்தோடு அந்தக் காகிதங்கள் வரிக்கு வரி ஒத்துப்போனால் பணம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பெட்டிக்குள் இருப்பது தங்கமா தவிடா என்று ஆய்வாளர் எட்டிப் பார்ப்பதில்லை. காகிதத்தின் முகம் ஒழுங்காக இருக்கிறதா, அதுதான் கேள்வி.

கொலீன் இருபத்தொன்பது வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை உறைந்த இறால் ஏற்றிய ரசீதில் தேதி பிப்ரவரி முப்பது என்று இருந்தது. வேறு யாராவதாக இருந்தால் கைப்பிழை என்று சிரித்திருப்பார்கள். அவள் திருப்பி அனுப்பினாள். ஏற்றுமதிக்காரர் நேரில் ஓடிவந்து, அம்மா இறால் கரைகிறது என்று கண் கலங்கினார். பிப்ரவரி முப்பது இன்னும் வரவில்லையே, அதற்குள் எப்படிக் கரையும் என்று இவள் கேட்டதாகக் கதை. அலோஷியஸ் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு எழுதிய கடிதமே இரண்டு குறைகளோடு திரும்பிப் போனது: தேதி இல்லை, கையெழுத்துக்குக் கீழே பெயர் இல்லை. அவர் திருத்தி மறுபடி சமர்ப்பித்தார். ஏற்கப்பட்டது.

இந்தத் தொழிலுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதிகள் உண்டு. காகிதம் கைக்கு வந்தபின் ஆராய ஐந்து வங்கி நாட்கள். குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் எழுதிவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று கண்டுபிடித்தேன் என்று வர முடியாது. ஐந்தாம் நாள் முடியும்வரை வாயே திறக்காமல் இருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். கொலீன் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். ஆனாலும் அந்தப் பத்துக் கட்டளைகளுக்கும் இந்த விதிகளுக்கும் சண்டை வந்தால் அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று பாதிரியாருக்கே சந்தேகம்.

போன வருடம் ஒரு மார்ச் மாதக் காலையில், பிரிவில் இருந்த பதினான்கு பேரில் பதினோரு பேரை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். மேஜைமேல் புதுசாக ஒரு டிஷ்யூ பெட்டி. இனிமேல் ஆவணங்களை இயந்திரம் வாசிக்கும், பிரிவு சாங்கி அலுவலகத்துக்கு மாறுகிறது, உங்கள் சேவைக்கு நன்றி என்று மனிதவளப் பெண் ஒருத்தி படித்தாள். கொலீன் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கடைசி வேலை நாள் ஒரு பொது விடுமுறையில் விழுந்திருந்தது. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி அச்சடித்துக் கொண்டுவர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் அவள் அழவில்லை. டிஷ்யூ பெட்டியில் எத்தனை தாள் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு குறைந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பதினோரு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெடோக் சாப்பாட்டுக் கடைத் தொகுதியில் கூடினார்கள். கூடினால் ஒரே பேச்சு: வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள்தான் குறைந்த சம்பளத்துக்கு வருகிறார்கள், அவர்கள்தான் அவர்கள் ஆட்களையே கூட்டி வருகிறார்கள், சாங்கியில் இறங்கினால் நம்ம ஊர் முகமே தெரிவதில்லை. மற்றவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். கொலீன் மேஜையைத் தட்டிச் சொன்னாள்.

இதில் ஒரு வேடிக்கை. கொலீனின் முகத்தை வைத்து அவள் எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. மலாக்காவிலிருந்து வந்த போர்த்துகீசிய வம்சம், நடுவில் ஒரு டச்சுக்காரர், ஒரு மலாய்ப் பெண், பெயர் தெரியாத ஒரு மாலுமி. துறைமுகத்தில் முதல் விளக்குக் கம்பம் நட்டபோது குழி தோண்டியதே ஒரு மின்ஜூட்தான் என்று அவள் அப்பா சொல்வார். ஆனால் டாக்சிக்காரர்கள், நீங்க பிலிப்பைன்ஸ்ல மணிலாவா செபுவா என்று கேட்பார்கள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்க பிள்ளைங்க வேலையில்லாம உக்காந்திருக்கு, உங்க ஊருக்கே திரும்பிப் போகக் கூடாதா என்றார்.

"போயிட்டுத்தான் இருக்கேன் அங்கிள். பதினாலாம் நம்பர் இன்னும் வரல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள். அந்த ஆள் அப்படிப் பேசியதற்காக இல்லை. தன்னைப் போய் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டாரே என்று.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை, அரசாங்க வேலை இணையதளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. அவர்களுடைய வங்கி, அவர்களுடைய பிரிவு: ஆவண ஆய்வாளர், ஒரு இடம். இயந்திரம் தனியாகச் சமாளிக்கவில்லை போலிருக்கிறது. சம்பளம் ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளி வரை. ஏழு வருட அனுபவம். அதுவரை சரி. அதற்குக் கீழே, மணிலா அலுவலக நடைமுறைகளில் பழக்கம் வேண்டும், அந்த ஊர் மொழியான தகாலோக் பேசத் தெரிந்தால் நல்லது.

நாட்டுச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டவரை எடுக்குமுன் பதினான்கு நாள் விளம்பரம் செய்து, உள்ளூர்க்காரர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கொலீன் விளம்பரத்தை மூன்று தடவை படித்தாள். ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அந்த உடம்பு மணிலாவில் இருக்கிறது.

அடுப்பில் டெவில் கறி கிளறிக்கொண்டிருந்த அலோஷியஸிடம் வந்து நின்றாள். "சாப்பாட்டுக் கடையில செய்யற மாதிரி நாற்காலில டிஷ்யூ பாக்கெட்ட வெச்சு இடம் பிடிச்சாச்சு. பிடிச்சுட்டு, நம்மள வரிசையில நில்லுங்கன்னு சொல்றாங்க."

நிற்காதே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வரிசையை மதிப்பவர்.

அன்றே பதினோரு பேரும் விண்ணப்பித்தார்கள். பத்துப் பேர் எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதினார்கள். கொலீன் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ஐந்து வங்கி நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் இந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதி, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வேலைக்கு வருவேன்.

அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஐந்தாவது வங்கி நாள் முடிந்தது. பதினோரு பேரில் ஒருவருக்கும் ஒரு வரி பதில் இல்லை. செவ்வாய் காலை கொலீன் நீல உடுப்பை மாட்டி, முதுகு மெத்தையையும் சிவப்புப் பென்சிலையும் பையில் வைத்தாள். அலோஷியஸ் வாசலில் நின்றார்.

"கொல், அந்த விதி கப்பல் காகிதத்துக்கு. வேலை கேக்கறதுக்கு அது செல்லாது."

"வேலை கேக்கறதுக்கு வேற விதி என்ன?"

"பதில் போடமாட்டாங்க. பேசாம இருந்துடணும். அதுதான் வழக்கம்."

"அது எங்க எழுதியிருக்கு?"

அவர் வழி விட்டார்.

சாங்கியில் பிரிவு மாறிப்போயிருந்த கட்டடத்தின் வாசலில் அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வாசல் பதிவேட்டில் முழுப் பெயர், அடையாள எண் எழுதி, வந்த காரணம் என்ற இடத்தில் 'வேலை' என்று எழுதினாள். காவலர் மேலே தொலைபேசியில், ஆவணப் பிரிவு வேலைக்கு ஒரு மேடம் வந்திருக்காங்க என்றார். இரண்டு நிமிடத்தில் புதுப் பிரிவுத் தலைவர் டெஸ்மண்ட் க்வா ஓடிவந்தார். முப்பத்து நாலு வயது. சிராங்கூனில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கியதாக நினைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் கை குலுக்கினார்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். பயணம் எப்படி?"

"உக்கார இடமில்ல. நடுவுல ஒரு பிரேக் போட்டான், எல்லாரும் முன்னால போய் விழுந்தோம்."

இந்த மலிவு விமானங்களே இப்படித்தான் என்று டெஸ்மண்ட் வருத்தப்பட்டார். கொலீனுக்கு அரை நிமிடம் நிஜமாகவே நெஞ்சு நிறைந்துபோயிற்று. கடிதத்தைப் படித்திருக்கிறார்கள், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், விதி என்றால் விதிதான் என்று நினைத்தாள். மின்தூக்கியில் ஏறும்போது அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"விளம்பரம் முடிய இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அது சும்மா ஒரு சம்பிரதாயம். அதுவரைக்கும் பயிற்சின்னு வெச்சுக்கலாம். அப்புறம் உங்க வேலை அனுமதிக்குப் போட்டுடுவோம். மணிலால எல்லாரும் சௌக்கியமா?"

மின்தூக்கி நாலாம் மாடிக்குப் போவதற்குள் கொலீனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். 'நான் அவள் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காகிதத்தின் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டது அவர்கள். இவள் ஒரு பொய்யும் சமர்ப்பிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்: ஒன்பதாம் நாள், காலை எட்டு நாற்பத்தேழு.

நாலாம் மாடியில், வேலை தப்பிய மூவரில் ஒருத்தியான ரோஸ்னா உட்கார்ந்திருந்தாள்; மற்ற இருவரும் அதற்குள் வேறு பிரிவுக்குப் போயிருந்தார்கள். கொலீனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தேநீர் விசைப்பலகையில் கொட்டியது. டெஸ்மண்ட் நகர்ந்ததும் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? அவர் உங்கள மாரிவிக்னு நினைச்சிருக்காரு. மாரிவிக் டும்லாவ். மணிலாலேருந்து வரவேண்டிய பொண்ணு."

"என் பேர யாரும் கேக்கலியே. கேட்டா சொல்றேன்."

மூன்று நாள் யாரும் கேட்கவில்லை. அதுதான் கொலீனை உலுக்கியது. ஒரு கூட்டத்தில் உட்கார வைத்தார்கள், ஒரு பிறந்தநாள் கேக் வெட்டும்போது ஓரமாக நிறுத்திக் கை தட்ட வைத்தார்கள், மணிலா மேடம் என்று கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் அவளிடம் மட்டும் உரக்கப் பேசினார்கள், காது கேட்காதவளிடம் பேசுவது போல. தேநீர் அறையில் இரண்டு பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால், இன்னொண்ணு வந்து இறங்கியாச்சு என்றார்கள். பெடோக்கில் மேஜையைத் தட்டி அவளே சொன்ன அதே வாக்கியங்கள், அதே ஏற்ற இறக்கத்தோடு அவள் காதுக்குத் திரும்பி வந்தன. டெஸ்மண்ட் மதிய உணவின்போது பாராட்டாக ஒன்று சொன்னார்: உங்க ஆளுங்க நல்லா உழைக்கறீங்க, கேள்வி கேக்கறதில்ல, எங்க உள்ளூர்க்காரங்களுக்குச் சம்பளமும் அதிகம் வேணும், வாயும் அதிகம். கொலீன் கோழிச் சோற்றை மென்று விழுங்கிவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டாள். அந்த 'அப்படியா'வைக் கேட்டு ரோஸ்னா எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டாள்.

வேலை என்னவோ அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். இயந்திரம் பச்சை விளக்குக் காட்டி அனுப்பியதில் பதினேழு கட்டுகளைச் சிவப்புப் பென்சிலோடு நிறுத்தினாள். கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த கப்பல்கள் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் வரை வரிசையாக நின்றன என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் போதும்.

வியாழக்கிழமை மதியம் காவலர் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு மேடம் வந்திருக்காங்க, மணிலாவாம். அவங்கதான் செவ்வாய்க்கிழமையே வந்துட்டாங்களே என்றார் டெஸ்மண்ட். இல்ல சார், இவங்க பெட்டியோட வந்திருக்காங்க என்றார் காவலர்.

புயலில் விமானங்கள் நின்றுபோய், மாரிவிக் டும்லாவ் இரண்டு நாள் மணிலா விமான நிலையத்துத் தரையில் தூங்கி எழுந்து வந்திருந்தாள். தாமதமாகும் என்று அவள் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிய தகவல் அங்கேயே படுத்துவிட்டது. முப்பத்தொரு வயது, கசங்கிய சட்டை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வேலைக் கடிதம். மூவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். மேஜைமேல் டிஷ்யூ பெட்டி இருந்தது.

டெஸ்மண்டின் முகம் சிவந்து வெளுத்தது. "நீங்க யாரு?"

"கொலீன் மின்ஜூட். மூணு நாள் கழிச்சு நல்ல கேள்வி கேட்டீங்க."

அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்தது. அனுப்பப்பட்ட பதினோரு பேர் பட்டியலில் அது இருந்தது. "ஆன்ட்டி, இது ஆள்மாறாட்டம். போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. கீழ பதிவேட்டுல என் முழுப் பேரு, அடையாள எண், வந்த காரணம் எல்லாம் என் கையெழுத்துல இருக்கு. நான் மணிலான்னு நான் சொன்னேனா? விளம்பரம் சும்மா சம்பிரதாயம்னு நீங்கதான் சொன்னீங்க, ஒன்பதாம் நாள், எட்டு நாப்பத்தேழுக்கு. அதையும் போலீஸ்கிட்ட சொல்லுங்க."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். கூடவே விளம்பரத்தின் அச்சுப் பிரதி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதிய குறை அறிவிப்பு. தகுதி இருந்தும் பதினோரு பேரில் ஒருவரைக்கூட அழைக்கவில்லை என்பதில் ஆரம்பித்து, பதினான்கு நாள் முடியுமுன்பே இடத்தை ஒருவருக்கு ஒதுக்கியது, உள்ளூர்க்காரர்களைப் பற்றி மதிய உணவில் சொன்னது என்று ஐந்து குறைகள். கடைசி வரியில், ஐந்து வங்கி நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் பிரதி மனிதவள அமைச்சுக்குப் போகும் என்றிருந்தது.

டெஸ்மண்ட் தாளைத் தொடவில்லை. மாரிவிக்தான் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். ஆய்வாளர் படிக்கிற படிப்பு அது: விரல் வரியோடு நகர்ந்தது, பிறகு விளம்பரத்துக்குத் தாவியது, ஒரு இடத்தில் நின்றது.

"அக்கா, ஒண்ண விட்டுட்டீங்க."

கொலீனுக்குச் சுருக்கென்றது. "எத?"

மாரிவிக் தன் வேலைக் கடிதத்தை உறையிலிருந்து உருவி விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுல ஆரம்பச் சம்பளம் ஐயாயிரம்னு போட்டிருக்கு. என் கடிதத்துல நாலாயிரத்து முன்னூறு. இந்த விளம்பரத்த எனக்கு யாரும் காட்டல. இங்க யாருமே விண்ணப்பிக்கல, ஆளே கிடைக்கலன்னுதான் சொன்னாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போயிற்று. தன் நாற்காலிக்குத் தானே குழி வெட்டிக்கொண்டாள். குறையைக் கண்டால் வாய் சும்மா இருக்காத தொழில்.

அறிவிப்பு ஒரு தடவைதான். கொலீன் பென்சிலை எடுத்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். எழுதட்டுமா என்று கேட்கவில்லை, காத்திருந்தாள். மாரிவிக் கையை இறக்கினாள். மணிலாவில் அறுபது பேரை வேலையைவிட்டு அனுப்பியதில் மிஞ்சியது நான் ஒருத்திதான், மிஞ்சியதற்கு இந்தக் குறைந்த சம்பளம்தான் காரணம் என்றால் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "எழுதுங்க."

ஆறாவதாக எழுதினாள் கொலீன்.

வெள்ளிக்கிழமை மாலை மனிதவளத் தலைவி வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் தேன் வழிந்தது. உங்கள் அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம், இடம் உங்களுக்குத்தான், திங்கட்கிழமையே வரலாம், அந்தத் தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அலோஷியஸ் அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி, சரி என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். மூன்று மாதமாக மனைவி வீட்டிலிருந்ததில், உப்பு டப்பாவின் எடை முதல் அவருடைய சட்டைப் பொத்தான்வரை எல்லாவற்றுக்கும் குறை அறிவிப்பு வாங்கியவர் அவர்.

கொலீனும் ஒரு கணம் தடுமாறினாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"இப்ப எனக்கும் ஒரு டிஷ்யூ பாக்கெட் வைக்கறீங்களா? அதெல்லாம் வேணாம் மேடம். பதினோரு பேரையும் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசுங்க. பன்னெண்டாவதா அந்த மணிலாப் பொண்ணையும் கூப்பிடுங்க. அவளும் வரிசையில நிக்கட்டும். அப்புறம் யாருக்குக் குடுத்தாலும் நான் வாயத் திறக்கமாட்டேன்."

தொலைபேசியை வைத்ததும் அலோஷியஸ் கேட்டார். "கைக்கு வந்தத ஏன் தள்ளிவிட்ட?"

"கைக்கு வரல. வாய்க்கு வந்துச்சு. வாய அடைக்க."

நான்காவது வங்கி நாளில் பன்னிரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. அதற்கு முந்திய ஞாயிறு பெடோக்கில் கூடியபோது, எல்லாரும் கேட்கப் போகிற சம்பளம் ஒன்றே என்று முடிவு செய்திருந்தார்கள்: ஐயாயிரத்து எண்ணூறு. கொலீன் போன மார்ச்சில் வாங்கியது அதுதான். ஒருவர் குறைத்தால் எல்லாரும் குறைய வேண்டி வரும். இருபது வருடம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த லியோங் வெங் ஃபாய், அந்த மணிலாக்காரி மட்டும் நாலாயிரம் சொல்லிக் கொத்திக்கொண்டு போவாள் பார் என்றார். கொலீனுக்கும் அந்தப் பயம் இருந்தது.

நேர்முகத்தன்று நாலாம் மாடித் தாழ்வாரத்தில் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அலோஷியஸ் சுட்டுக் கொடுத்த ரவை கேக் டப்பா மடியிலிருந்து மடிக்குப் போயிற்று. கடைசி நாற்காலியில் மாரிவிக். கொலீன் டப்பாவோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொகையை மட்டும் சொன்னாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. மாரிவிக் கேக்கைத் தின்றாள். உங்க வீட்டுக்காரர் சர்க்கரை குறைவாகப் போடுகிறார் என்றாள்.

கொலீன் முதலில் போனாள். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். மனிதவளத் தலைவி சம்பளத்துக்கு வந்ததும், நிலைமை முன்னைப்போல இல்லை, ஐயாயிரம் என்றால் யோசிக்கலாம் என்றாள்.

"ஐயாயிரத்து எண்ணூறு."

"முடியாதுன்னா?" என்றார் டெஸ்மண்ட்.

"வெளிய இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். இரண்டாவது ஆள் ஐயாயிரத்து எண்ணூறு என்றார். மூன்றாவது ஆளும். லியோங் அதைச் சொல்லிவிட்டு, காசுவரைக்கும் விவரமாகச் சொல்லட்டுமா என்றார். பத்தாவது ஆள் உள்ளே போனபோது டெஸ்மண்ட் கேள்வியையே நிறுத்திவிட்டு, தெரியும் தெரியும் என்று எழுதிக்கொண்டதாக ரோஸ்னா சொன்னாள். அவள் பக்கத்து அறையில் நகலெடுக்கும் இயந்திரத்தில் ஒரே தாளை நாற்பது தடவை நகலெடுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவதாக மாரிவிக் போனாள். உள்ளே மனிதவளத் தலைவி மறுபடி தேன் குரலுக்கு மாறினாள்: உங்களுக்குத்தான் ஏற்கெனவே கடிதம் இருக்கிறதே, அந்த நாலாயிரத்து முன்னூறை வேண்டுமானால் நாலாயிரத்து எண்ணூறு ஆக்கலாம், இன்றைக்கே முடித்துவிடலாம். நகல் இயந்திரத்தை ரோஸ்னா அணைத்தாள்.

"ஐயாயிரத்து எண்ணூறு, மேடம்" என்றாள் மாரிவிக்.

வெளியே வந்தவளிடம் கொலீன் ஏன் என்று கேட்டாள். மாரிவிக் தோளைக் குலுக்கினாள். "இன்னைக்குக் கொறைச்சுச் சொன்னா எனக்குக் கிடைக்கும். நாளைக்கு மூவாயிரத்துக்கு ஒருத்தி வருவா. அப்ப நான் யாரப் போய்த் திட்டறது?"

முடிவு மறு வாரம் வந்தது. நிறுத்தி வைத்த பதினேழு கட்டுகளை இயந்திரத்தால் அவிழ்க்க முடியவில்லை என்பதால் ஒரு இடம் இரண்டு இடமாயிற்று. ஒன்று கொலீனுக்கு. இன்னொன்று, ஒழுங்காக அனுமதிக்குப் போட்டு, மாரிவிக்குக்கு. இரண்டு பேருக்கும் ஐயாயிரத்து எண்ணூறு. மற்றப் பத்துப் பேருக்கும், உங்களை எடுக்க இயலவில்லை, காரணம் இன்னது என்று கையெழுத்துப் போட்ட கடிதம். அவர்களில் மூன்று பேர் பின்னால் வேறு இடங்களில் அதே தொகையைக் கேட்டு, இருவர் வாங்கியும்விட்டார்கள். ஆனால் அது பின்னால்.

அந்த ஞாயிறு பெடோக்கில் லியோங் கடிதத்தை மேஜைமேல் போட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது.

"எல்லாம் உன்னாலதான் கொலீன். நீ அவள வரிசையில விடலன்னா அந்த ரெண்டாவது நாற்காலி எனக்கு வந்திருக்கும். நம்ம ஊரு ஆளு இருக்க, வெளியூர்க்காரிக்கு வாங்கிக் குடுத்திருக்க."

கொலீன் கடிதத்தை எடுத்துப் படித்தாள். தேதி இருந்தது, பெயர் இருந்தது, காரணம் இருந்தது. பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து லியோங்கின் கையில் வைத்தாள்.

"அவ வரிசையில நின்னா. கடைசியா நின்னா. நீ கேட்ட தொகையத்தான் கேட்டா. உன்னையும் கூப்பிட்டு உக்காரவெச்சுப் பேசினாங்க, பதிலும் போட்டாங்க. நான் கேட்டது அவ்வளவுதான், அத இப்ப மாத்திக்கமாட்டேன். இதுல குறை எங்கன்னு காட்டு."

லியோங் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொலீன் எழுந்து போய் இரண்டு காப்பி வாங்கி வந்து வைத்தாள். அப்போதும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.